குரல் ஓய்வு

சீட்டில் டாக்டர் எழுதியது இரண்டே வரி.
வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க.
ஐந்து நாள் வாய் திறக்கக் கூடாது.
கிசுகிசுக்கவும் கூடாதாம்,
கத்துவதைவிட அது மோசமாம்.

பதினோரு வருடம்
பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் நடுவே
கத்திக் கத்தித் தேய்ந்த தொண்டை.
உள்ள போ, படியில நிக்காத, சில்லறையா குடு,
கல்கத்தாவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு
அவர்கள் பாஷையில் நாமுன், நாமுன்,
எல்லாம் இந்த ஒரு குழாய் வழியே போனதுதான்.
இப்போது திறந்தால்
தகர டப்பாவைச் சுரண்டுகிற சத்தம்.

ஆறு நாற்பதுக்குக் கஸ்தூரியை
ராணிப்பேட்டை ஷூ கம்பெனி வேன் ஏற்றிக்கொள்ளும்.
ஏழரைக்கு மகள் பள்ளிக்கு.
அதற்கப்புறம் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று
நான் பார்த்ததே இல்லை.
ஒன்றும் நடப்பதில்லை.
பத்தரைக்கு வெயில் ஜன்னல் கம்பியின் நிழலைக்
கேஸ் சிலிண்டர் மேல் கொண்டுவந்து சாய்க்கிறது.
கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து பல்லி டூட்டிக்கு வருகிறது.
எதிரே மொட்டை மலை.
இத்தனை நாள் ஓடுகிற வண்டியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்,
நின்றுகொண்டிருக்கும்போது வேறு மலை.

மூன்று வேளையும் கஞ்சி.
காரமில்லாத பருப்புத் துவையல்.
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்
கூடையில் சுருங்கிக்கொண்டிருக்கிறது.
புளி கூடாது.

தெருமுனையில் ரெண்டாம் நம்பர் திரும்புவது
ஒவ்வொரு நடைக்கும் கேட்கிறது.
என் வண்டியில் இப்போது இம்தியாஸ்.
தொரப்பாடீ என்று ரொம்ப நீட்டுகிறான் பையன்.
நீட்டினால் சீக்கிரம் போய்விடும்டா,
யாராவது சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள், பதினொன்றே கால்.
ஒன்பது நாள் கழித்துக் காவிரித் தண்ணீர் வந்தது.
முதலில் குழாய் இருமியது, என்னைப் போலவே.
தெருவில் ஒருத்தரும் இல்லை,
எல்லா வீட்டிலும் டிவி, எல்லாக் கதவும் சாத்தி.
வாயைத் திறந்தேன். காற்று.
ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டைப் பையில்
விசில் இருந்தது.
ரெண்டு ஊது ஊதினேன்.
ஸ்டெல்லா முதலில், பின்னால் அவள் மாமியார்,
நைட் ஷிஃப்ட் தூக்கம் கலையாத மாடி வீட்டு நர்ஸ்கள்,
குடமும் வாளியுமாக ஓடி வந்தார்கள்.
வரிசையைப் பார்த்ததும் கை தானாகத்
தோளில் பையைத் தேடியது.
எல்லாம் மகளிர்.
எப்படியும் டிக்கெட் கிடையாது.

ராத்திரிகள்தான் புதுசு.
கஸ்தூரி பேசுகிறாள்.
வழக்கமாக நான்தான் பேசுவேன்,
எவன் சண்டைக்கு வந்தான்,
எவன் பத்து ரூபாய்க்கு ஐநூறை நீட்டினான் என்று.
அவள் ம் கொட்டிக்கொண்டே தூங்கிப்போவாள்.
இப்போது ம் கொட்டவும் எனக்கு அனுமதியில்லை.
முதல் நாள் சூப்பர்வைசரைப் பற்றி ரெண்டு வாக்கியம்.
அடுத்த நாள், பசை நெடியில் மயங்கி விழுந்த
பேரணாம்பட்டுப் பெண்ணைப் பற்றி.
நாலாம் நாள்
இடது ஆள்காட்டி விரலை விளக்குக்கு நேரே நீட்டி
"இது ஊசி ஏறினது. ரெண்டு வருஷம் இருக்கும்.
கதவுல நசுங்கிச்சுன்னு உங்ககிட்ட சொன்னேன்."
ஏன் என்று கேட்கக் குரல் இல்லை.
இருந்திருந்தால் கேட்டிருப்பேன்,
கத்தியும் இருப்பேன்,
அவள் அதோடு நிறுத்தியிருப்பாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம்
பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு
மெதுவாகச் சாய்நாதபுரம் என்றேன்.
வந்துவிட்டது.
கொஞ்சம் சொரசொரப்பு, பரவாயில்லை.
கிரீன் சர்க்கிள் வரை
ஒரு ஸ்டாப்பிங் விடாமல் சொல்லிப் பார்த்தேன்.

ராத்திரி அவள் ஊசிக் கதையை
விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.
யார் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினார்கள்,
கம்பெனி எவ்வளவு கொடுத்தது,
அன்றைக்கும் எத்தனை ஜோடி முடித்தாள்.
வெந்நீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.
பாதியில் நிறுத்தினாள்.
"கொரல் வந்துடுச்சாமே.
மத்தியானம் உங்க பாத்ரூம்ல பஸ் ஓடுச்சுன்னு
ஸ்டெல்லா சொன்னா."

உதட்டில் விரல் வைத்து,
இன்னும் ஒரு நாள் பாக்கி என்று ஜாடை காட்டினேன்.
விளக்கை அணைத்துவிட்டு
அவள் மேலே சொன்னாள்.